கிணற்றடிப் பசலை

தஞ்சாவூரில் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் பாலக்கிடம் ஒரு முறையாவது ஏமாந்திருப்பார்கள். கார்த்திகையில் விதைத்தது மார்கழி, தையில் கையகல இலை விட்டு மூன்று நான்கு அறுப்புத் தரும். அந்தத் தெம்பில் பங்குனியில் மறுபடியும் விதைப்பார்கள். பாதி விதை முளைக்காது. முளைத்ததும் சின்ன இலையோடு நின்றுவிட்டு, சித்திரையில் நடுத்தண்டை நீட்டிப் பூவுக்குப் போய்விடும். அப்போதுதான் விதைக் கடையில் போய் நின்று, பாலக்குக்குப் பதிலாக வெயில் தாங்குகிற கீரை எது என்று கேட்பார்கள். கடைக்காரர் பெரும்பாலும் கொடிப்பசலை விதையை எடுத்துக் கொடுப்பார்.

அந்தப் பதிலில் தவறில்லை; ஆனால் அது பாதிப் பதில். வெயில் தாங்குவது என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதைச் செடிகள் வெவ்வேறு வழியில் செய்கின்றன. ஒரு கீரை காலடியில் ஈரம் இருக்கும் வரைதான் தாங்கும். இன்னொன்று ஈரம் குறைந்தாலும் நிற்கும், நிழலில் வைத்தால்தான் சோர்ந்துபோகும். காவிரிப் பாசனப் பகுதிக்கு இந்த வேறுபாடு முக்கியம். வெயில் உச்சத்துக்குப் போகிற மாதங்களில்தான் இங்கே ஆறும் வாய்க்காலும் வறண்டு கிடக்கின்றன.

பாலக் ஏன் தோற்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஸ்பினாச் என்று வெள்ளைக்காரர்கள் சொல்வது பாரசீகப் பக்கத்திலிருந்து கிளம்பிய குளிர்காலச் செடி. நம் கடைகளில் பாலக் என்று கட்டுக்கட்டாகக் கிடப்பது அது அல்ல. பீட்ரூட்டின் உடன்பிறப்பு, கிழங்கு வைக்காமல் இலை மட்டும் விடுகிற வகை. பத்திரிகை மருத்துவக் குறிப்பு எழுதுகிறவர்கள் ஸ்பினாச்சைப் பசலை என்று மொழிபெயர்த்து, அதன் சத்துக் கணக்கை அப்படியே கொடிப்பசலையின் தலையில் கட்டிவிடுகிறார்கள். மூன்றும் மூன்று செடிகள்.

ஸ்பினாச் பூப்பதற்கு முதல் தூண்டுதல் பகலின் நீளம். ஐரோப்பாவில் கோடைப் பகல் 15, 16 மணி நேரத்துக்கு நீளும்போது அது இலை விடுவதை நிறுத்திப் பூத்தண்டை நீட்டுகிறது. கொடிப்பசலைக்கு நேர் எதிர்க் குணம்: பகல் 13 மணி நேரத்தைத் தாண்டினால் பூக்காது, குறைந்தால்தான் பூக்கும். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரிக்குள் இருக்கிறது. ஆனி மாதத்து மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். ஸ்பினாச்சை விரட்டுகிற அளவுக்கும் நீளாது, பசலையின் பூவைத் தடுக்கிற அளவுக்கும் நீளாது. எனவே அயல்நாட்டுத் தோட்டப் புத்தகங்கள் பகல் நீளத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பது நமக்கு அதிகம் உதவாது. இங்கே ஸ்பினாச்சையும் பாலக்கையும் கெடுப்பது சூடு. ஸ்பினாச் விதை 30 டிகிரிக்கு மேல் சரியாக முளைப்பதில்லை. அந்தச் சூட்டில் அதன் கெட்டியான உறையைக் கடந்து உள்ளே போகிற ஆக்சிஜன் கருவுக்குப் போதாது. சித்திரை, வைகாசியில் தஞ்சாவூரின் பகல் வெப்பம் 37, 38 டிகிரியைத் தொடுவது சாதாரணம். மொட்டை மாடித் தொட்டியின் மண் அதையும் தாண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பினாச், பாலக், தண்டுக்கீரை, அரைக்கீரை எல்லாம் தாவரவியல்படி ஒரே குடும்பம். கொடிப்பசலையும் பருப்புக்கீரையும் பக்கத்துக் குடும்பங்கள். பீட்ரூட்டின் சிவப்பும், செந்தண்டுக்கீரையின் சிவப்பும், பசலைப் பழத்தின் ஊதாவும், காகிதப்பூவின் நிறமும் ஒரே வகைச் சாயம்தான். இந்தப் பெரிய உறவுக்கூட்டத்துக்குள் சில கிளைகள் குளிரைத் தேடிப் போயின, சில வெயிலோடு வாழப் பழகிக்கொண்டன. வெயிலோடு பழகியவை செய்த காரியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இலைக்குள் கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்குகிற வேலையைத் தொடங்கிவைக்கும் புரதத்துக்கு ரூபிஸ்கோ என்று பெயர். அதற்கு ஒரு பழைய குறை. கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய இடத்தில் சில நேரம் ஆக்சிஜனைப் பிடித்துவிடும், களை பறிக்கிற கை அவசரத்தில் நாற்றையும் சேர்த்துப் பிடுங்குவதுபோல. தவறிப் பிடித்ததைச் சரிக்கட்ட, செடி முன்பே சேர்த்துவைத்த கரியில் ஒரு பங்கைக் காற்றில் விட வேண்டியிருக்கிறது. 25 டிகிரியிலேயே ஏறத்தாழ நான்கு பிடியில் ஒன்று இப்படித் தவறும். சூடு ஏற ஏறத் தவறும் கூடும். இதோடு இன்னொரு நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. வெயிலில் நீர் போய்விடாமல் இருக்க இலை தன் துளைகளை மூடும். மூடினால் உள்ளே கரியமில வாயு தீர்ந்து ஆக்சிஜன் மிஞ்சும், தவறு இன்னும் பெருகும். நீர் ஆவியாவதால்தான் இலை குளிர்கிறது என்பதால், துளை மூடிய இலை காற்றைவிடச் சூடாகவும் ஆகிவிடும். திறந்தால் வாட்டம், மூடினால் பட்டினி. மதிய வெயிலில் பாலக் துவண்டு கிடப்பது இந்த இக்கட்டில்தான்.

தண்டுக்கீரை வகையறா இதற்கு ஒரு மாற்று ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அதன் இலையில் நரம்பைச் சுற்றி ஒரு தனி அடுக்கு உயிரணுக்கள் உண்டு. வெளி அடுக்கில் வேறொரு புரதம் கரியமில வாயுவைப் பிடிக்கிறது; அதற்கு ஆக்சிஜனோடு குழப்பம் கிடையாது. பிடித்ததை நான்கு கரி அணுக்கள் உள்ள அமிலமாக்கி உள் அடுக்குக்கு அனுப்புகிறது. அங்கே அமிலம் உடைந்து கரியமில வாயு நெரிசலாகச் சேர்கிறது. ரூபிஸ்கோ அந்த நெரிசலுக்குள் உட்கார்ந்திருப்பதால் தவறிப் பிடிக்க வாய்ப்பே அரிது. துளைகளைப் பாதி மூடியபடியே வேலை நடக்கும், செலவாகும் நீரும் குறையும். நான்கு கரியை வைத்து இதற்கு சி4 வழி என்று பெயர். ஹவாயில் கரும்பில் கண்ட ஒரு புதிரைத் தொடர்ந்து போய், ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் 1966இல் இந்த வழியை விளக்கினார்கள். கரும்பு, சோளம், மக்காச்சோளம், கேழ்வரகு எல்லாம் இந்த வகை.

நெல் இந்த வகையில் இல்லை. தஞ்சைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரு மாவட்டமே எதை நம்பி வாழ்கிறதோ அந்தப் பயிர் பழைய ஒற்றை வழியில்தான் கரியமில வாயுவைப் பிடிக்கிறது. வரப்போரத்தில், எருக்குழி மேட்டில் யாரும் விதைக்காமல் முளைத்துக் கிடக்கிற குப்பைக்கீரையிடம் அந்த உயர்ந்த இயந்திரம் இருக்கிறது. வயலுக்குள் நெல்லை முந்திக்கொண்டு வளர்கிற குதிரைவாலி இனத்துப் புல்லும் சி4தான். நெல்லுக்குப் போட்ட உரத்தை அது தின்று கொழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நெல்லுக்கு இந்த வழியைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் 2008இல் சேர்ந்து முயலத் தொடங்கின. விவசாயியின் கைக்கு இன்னும் ஒரு விதைகூட வந்துசேரவில்லை. இலையின் உள் அமைப்பையே மாற்ற வேண்டிய வேலை என்பதால் அவசரப்பட்டுக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே முழு வெயிலுக்கு முதல் தேர்வு தண்டுக்கீரைக் கூட்டம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் இவற்றில் கோ 1 தொடங்கி வரிசையாக ரகங்கள் கொடுத்திருக்கிறது. கோ 3 கிள்ளி எடுப்பதற்கென்றே வந்தது. சிறுகீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கிவிடலாம். அரைக்கீரையை முதல் கிள்ளுக்குப் பிறகு வாரம், பத்து நாளுக்கு ஒரு முறை கிள்ளிக்கொண்டே போகலாம். விதை மிகப் பொடி. மணலோடு கலந்து தூவாவிட்டால் ஒரே இடத்தில் குவிந்துவிடும், எறும்பும் இழுத்துப் போகும். வெயிலைத் தாங்குகிற இந்தக் கூட்டம் ஐப்பசி அடைமழையில் தடுமாறும். நாற்று அடியில் அழுகிச் சாயும், இலையின் அடியில் வெள்ளைத் துரு பூக்கும். நீர் வடியாத களிமண்ணில் நிலைமை இன்னும் மோசம்.

டெல்டாவின் பெரும்பகுதி களிமண்தான். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கமான கணக்கு, நீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். சம்பா, தாளடி அறுப்புக்குச் சில நாள் முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் வந்து முடிந்தால், பங்குனிக்குப் பிறகு பழைய டெல்டா வயலில் வெடிப்புதான் மிச்சம். அந்தக் களியில், அந்த மாதத்தில், மேலாக வேர் விடுகிற கீரையை யாரும் நினைக்க மாட்டார்கள். கோடைக் கீரை வருவது காவிரி, கொள்ளிடக் கரையோரப் படுகைகளின் வண்டல் மண்ணிலிருந்தும், ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்களின் தோட்டக்காலிலிருந்தும்தான்.

கொடிக்காலை இதில் விட்டுவிடக் கூடாது. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலை ஏறிப் படர்வது அகத்தி மீது. இராஜகிரி, பண்டாரவாடை பக்கத்துக் கொடிக்கால்களில் வெற்றிலைக்கு எவ்வளவு நிழல் வேண்டும் என்று பார்த்து அகத்தியைக் கழித்துக்கொண்டே இருப்பார்கள். கழித்ததுதான் கட்டாகிக் கடைக்கு வருகிறது, ஏகாதசி விரதம் முடித்த துவாதசிச் சமையலுக்கும் போகிறது. அகத்தி மரம், வேர் ஆழத்துக்குப் போய்விடும், வேர் முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தையும் தானே சேர்த்துக்கொள்ளும். கசப்பைப் பொறுக்கிறவர்களுக்கு இதைவிட நம்பகமான கோடைக் கீரை இல்லை. முருங்கையும் இப்படித்தான். மரத்தில் தழைப்பதாலேயே இவற்றைக் கீரைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

இனி கொடிப்பசலை. இதற்குச் சி4 வசதி கிடையாது. நெல்லைப் போலவே ஒற்றை வழிக்காரன். இதன் பலம் தடித்த, மினுமினுப்பான இலை. உள்ளே நீரைப் பிடித்து வைத்திருக்கும் வழவழப்பான பசை. சுற்றிக்கொண்டு எங்கேயும் ஏறிப்போகிற கொடி. சூடு இதற்குப் பொருட்டில்லை, காற்றில் ஈரப்பதம் இருந்தால் இன்னும் உற்சாகம். ஆனால் காலடியில் ஈரம் தொடர்ந்து வேண்டும். இலைத்துளைகளைத் திறந்து வைத்து, நீரை ஆவியாக்கி, தன்னைக் குளிர்வித்துக்கொண்டே அது வேலை செய்கிறது. நீர் நின்றால் இலை சிறுத்து, தண்டு நாராகி, பூவுக்குத் திரும்பிவிடும்.

டெல்டா வீடுகளில் இதைப் பாத்தியில் வைக்காமல் கிணற்றடியிலும் குளியலறை நீர் போகிற கால்வாய் ஓரத்திலும் வைத்ததற்குக் காரணம் இதுதான். ஆறு மூடினாலும் வீட்டில் குளிப்பதும் துலக்குவதும் நிற்பதில்லை. ஊரே காய்ந்து கிடக்கிற வைகாசியிலும் தவறாமல் நீர் விழுகிற ஓரிடம் ஒவ்வொரு கொல்லையிலும் இருந்தது. வாழையும் சேம்பும் அங்கே நின்றன. வேலியில் பசலை ஏறியது. வாழையின் அரை நிழல் பசலை இலையை இன்னும் அகலமாக்கும். யாரும் திட்டம் போட்டுச் செய்ததாகத் தெரியவில்லை, ஆனால் ஒரு நீர்ப்பாசன நிபுணர் போடுகிற திட்டத்துக்குக் குறைந்ததும் இல்லை.

அந்த இடம் இப்போது போய்விட்டது என்பதுதான் சிக்கல். கிணற்றைத் தூர்த்து ஆழ்துளை போட்டாகிவிட்டது. கழிவுநீர் குழாய் வழியாக மண்ணைப் பார்க்காமலே போய்விடுகிறது. போகாமல் இருந்தாலும் அது சாம்பலும் புளியும் போட்டுத் துலக்கிய நீர் இல்லை; சோப்புத் தூளின் உப்பு சேர்ந்தது, கீரைக்கு ஆகாது. வேறு வழிகள் இருக்கின்றன. அக்கினி நட்சத்திர நாட்களில் ஏ.சி. பெட்டியின் குழாய் வழியே தினமும் சில லிட்டர் உப்பில்லாத நீர் வீணாகச் சொட்டுகிறது. ஏ.சி. ஓடுகிற நேரம் கூடக் கூட அந்த நீரும் கூடும். ஒரு பசலைத் தொட்டிக்கு அதுவே போதும். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி கழித்துவிடும் நீரை மட்டும் ஊற்ற வேண்டாம். பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

வளர்ப்பு முறையில் பெரிய நுணுக்கம் இல்லை. விதை கெட்டி, இரவு ஊறவைத்து ஊன்ற வேண்டும். கடையில் வாங்கின கட்டின் தண்டை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். முதல் அறுப்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும், சிறுகீரையின் அவசரம் இதனிடம் இல்லை. தொல்லை என்றால் இரண்டு: இலையில் சிவப்பு விளிம்போடு வட்ட வட்டமாக விழும் பூஞ்சைப் புள்ளி, வேரை முடிச்சு முடிச்சாக்கும் நூற்புழு. கத்தரியும் தக்காளியும் வெண்டையும் நின்ற தொட்டி மண்ணில் இதை வைத்தால் நூற்புழு காத்திருக்கும். செண்டுமல்லி போட்டு எடுத்த மண் நல்லது.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இந்தக் கொடிக்குப் பெயர் வைத்தபோது சான்றாகக் காட்டியவற்றில் ஒன்று, கேரளக் கரையில் டச்சுக்காரர் வான் ரீட் தொகுத்த ஓர்ட்டுஸ் மலபாரிக்குஸ் நூல். பெயரையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்.   

பசலை என்று பெயர் வைத்துக்கொண்ட இன்னொன்றும் வீட்டுப் பக்கங்களில் நிற்கிறது: சிலோன் பசலை. இளஞ்சிவப்புப் பூ, சதைப்பற்றான இலை, கொடி ஏறாது. கேரளத்தில் சாம்பார்ச் சீரை என்பார்கள். இலங்கையின் பெயரை வைத்திருந்தாலும் பிறந்தது அமெரிக்க வெப்ப நாடுகளில். இதன் உத்தி மூன்றாவது வகை. நீர் இருக்கும்போது சாதாரணச் செடியாகப் பகலில் துளை திறந்து வேலை செய்யும். நீர் நின்றுவிட்டால் முறையை மாற்றிக்கொண்டு, இரவில் துளையைத் திறந்து கரியமில வாயுவை அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, பகலில் துளையை மூடியபடி அதைச் செலவழிக்கும். தரையில் படர்கிற பருப்புக்கீரை இன்னும் கெட்டிக்காரச் செடி; அதனிடம் சி4 வழியும் உண்டு, வறட்சியில் இந்த இரவு வழியும் உண்டு. காய்ச்சலில் நின்ற பருப்புக்கீரையை விடியற்காலையில் பறித்தால் புளிப்பு தூக்கலாகவும் மாலையில் பறித்தால் மந்தமாகவும் இருப்பதற்குக் காரணம், இரவெல்லாம் சேர்ந்த அந்த அமிலம்தான். இரண்டு நாள் ஊருக்குப் போனால் தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வீட்டுக்குக் கொடிப்பசலையைவிட இவை இரண்டும் பொருத்தம் என்று நான் சொல்வேன்.

வெயில் தாங்கும் கீரை என்று இப்போது புதிதாகப் புழங்குகிற இரண்டைப் பற்றி எச்சரிக்கையும் தேவை. மல்டிவைட்டமின் கீரை என்று விற்கிற தவசிக்கீரை கோடையில் அருமையாகத் தழைக்கும்; சமைத்து அளவாகச் சாப்பிடுவதற்குக் குறையில்லை. 1990களின் நடுவில் தைவானில் உடல் இளைப்பதற்காக அதன் பச்சைச் சாற்றைத் தினமும் குடித்தவர்களில் பலருக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் அடைபட்டுத் திரும்பச் சரியாகாமலே போனது. மெக்சிகோப் பக்கத்திலிருந்து வந்த சாயா மரக்கீரையில் பச்சையாக இருக்கும்போது சயனைடு தரும் பொருள் உண்டு, நன்றாக வேகவைத்தால் போய்விடும். இரண்டையும் ஜூஸ் போடுவதும் சாலட்டில் நறுக்கிப் போடுவதும் வேண்டாம். கீரையை வேகவைத்தே தின்கிற நம் வழக்கத்தைப் பழசு என்று தள்ளுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஸ்பினாச்சிலும் தண்டுக்கீரையிலும் மிகுதியாக இருக்கிற ஆக்சலேட்டுக்காக வெந்த நீரை வடித்துவிடுவது நல்லது.

கொடிப்பசலையைச் சாப்பாட்டு இலைக்குக் கொண்டுவருவதில் மட்டும் நாம் ஏனோ பின்தங்கிவிட்டோம். கோதாவரிக் கரையில் கந்தா பச்சலி என்று சேனைக்கிழங்கும் பசலையும் சேர்த்து, புளியும் அரைத்த கடுகும் போட்டுச் செய்வது கல்யாணப் பந்திப் பதார்த்தம். வங்காளத்தில் புய் சாக் மீன் தலையோடும் இறாலோடும் வேகிறது. மங்களூர்ப் பக்கம் பலாக்கொட்டையோடு சேர்ந்து குழம்பாகிறது. மூன்று இடமும் நம்மைப் போல அரிசிச் சோறு, ஆறு, வெயில். காவிரிக் கரைப் பந்தியில் இதற்கு இடமில்லை. வாய்ப்புண்ணுக்கும் உடம்புச் சூட்டுக்கும் ஆகும் என்று மருந்துக் கணக்கில் வைத்துவிட்டோம். வழவழப்புதான் காரணமாக இருக்க வேண்டும். நம் கீரைச் சமையல் மத்தால் கடைந்து மசிப்பதில் தேர்ந்தது, மசிக்க மசிக்கப் பசலை இன்னும் பசையாகும்.

அதனால் இதை மசிக்கக் கூடாது. தஞ்சாவூர் மோர்க்கீரைக்கு எடுத்தால் புளித்த மோர் பசையைக் கட்டுப்படுத்தும். கூட்டுக்கு என்றால் துவரம்பருப்பைத் தனியாக மலர வேகவைத்துக்கொண்டு, புளிக்கரைசல் கொதித்த பிறகு நறுக்கின பசலையைப் போட்டு, மூடி வைக்காமல் நாலைந்து நிமிடம் விட்டால் போதும். தண்டு இளசாக இருந்தால் விரல் நீளத்துக்கு வெட்டி முதலில் போட வேண்டும், இலை பின்னால். பெரிய இலைகளைக் கூட்டில் வீணாக்காமல் எடுத்துவைத்துக் கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போடலாம். எண்ணெயில் வழவழப்பு இருந்த இடமே தெரியாது.